நீங்கள் செய்கிறீர்களா டாக்டர்? – மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவர்களுக்கும், செவிலியர்களுக்கும், பிசியோதெரபிஸ்டுகளுக்கும், உணவு ஆலோசனை சொல்கிறவர்களுக்கும், இவர்களையெல்லாம் வேலைக்கு வைத்திருக்கிற மருத்துவமனை நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

நான் மருத்துவம் படித்தவன் இல்லை. ஆனால் உங்கள் அறைகளுக்கு வெளியே கிடக்கிற பெஞ்சுகளில் பல வருடம் உட்கார்ந்தவன், முதலில் அப்பாவுக்குத் துணையாக, அப்புறம் எனக்கே பிரஷர் வந்த பிறகு தனியாக. அந்தப் பெஞ்சில் இருக்கிறவர்கள் உங்களைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. உங்கள் பட்டங்களைப் பற்றி நாங்கள் அதிகம் பேசுவதில்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பதைத்தான் பேசுகிறோம். இன்றைக்கு முகம் ஏன் இப்படி வாடியிருக்கிறது, நர்ஸ் மேல் ஏன் எரிந்து விழுந்தார், அடுத்த நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் கை கழுவினாரா, பக்கத்தில் குனிந்தபோது சட்டையில் சிகரெட் வாடை அடித்ததே. எல்லாவற்றையும் பார்க்கிறோம்.

இதை எழுத வைத்தது ஒரு பழைய சம்பவம். அப்பாவுக்கு அப்போது 55 வயது, முப்பது வருடத்துக்கு மேல் புகைத்தவர், மாடிப்படி ஏறினால் பாதியில் நிற்க ஆரம்பித்திருந்தார். நெஞ்சு நோய் மருத்துவர் ஒருவர் ஊதிப் பார்க்கிற சோதனையைச் செய்தார், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார், நுரையீரல் எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்று பொறுமையாக விளக்கினார். கடைசியில், "இன்னிக்கே விட்டுடுங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க" என்றார். அப்பா தலையாட்டினார். மருந்து வாங்கிக்கொண்டு நாங்கள் வண்டி நிறுத்திய இடத்துக்குப் போகிற வழியில், கட்டடத்தின் பின்பக்கம் ஜெனரேட்டர் அறையை ஒட்டி, வெள்ளைக் கோட்டைக் கழற்றி முழங்கையில் மடித்துப் போட்டுக்கொண்டு அதே மருத்துவர் நின்று புகைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அப்பா என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இல்லை, கிண்டலும் இல்லை. நிம்மதி இருந்தது. அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ஆறு வருடம். வீட்டில் யார் சிகரெட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலும் அப்பாவிடம் ஒரே பதில்தான்: "அந்த டாக்டராலேயே விட முடியல, என்னால எப்படி முடியும்?" அம்மா கெஞ்சினார், தங்கை அழுதாள், நான் கத்தினேன். அந்த ஒரு வாக்கியத்தைத் தாண்டி யாராலும் போக முடியவில்லை. அந்த ஆறு வருடத்தையும் நான் அந்த மருத்துவரின் கணக்கில்தான் எழுதி வைத்திருந்தேன், உண்மையைச் சொல்கிறேன். அவரை எங்கேயாவது பார்த்தால் என்ன கேட்பேன் என்று மனசுக்குள் ஒத்திகைகூடப் பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்தக் கோபம் அதே வடிவத்தில் இல்லை. ஆனால் கேள்வி அப்படியேதான் இருக்கிறது: எங்களுக்குச் சொல்வதை நீங்களும் செய்ய வேண்டுமா?

உங்களில் பலர் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். ஒரு அறிவுரை சரியா தவறா என்பது அதைச் சொல்கிறவரின் வாழ்க்கையைப் பொறுத்தது இல்லை, புகைக்கிற மருத்துவர் சொன்னாலும் புகை கெடுதல்தான், ஓடாத பயிற்சியாளர்கூட நல்ல ஓட்டக்காரர்களை உருவாக்க முடியும். இந்த வாதத்தில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை, முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்பா சொன்னதை இன்னொரு முறை கவனியுங்கள். "அந்த டாக்டர் பொய் சொல்கிறார்" என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. "அந்த டாக்டராலேயே விட முடியல" என்றுதான் சொன்னார். நுரையீரல் கெட்டுப்போயிருக்கிறது என்பதை அவர் நம்பினார், இருமும் ஒவ்வொரு ராத்திரியும் நம்பினார். விடுவது மனிதனால் ஆகிற காரியம் என்பதைத்தான் நம்பவில்லை. உங்கள் அறைக்குள் வருகிறவர் இரண்டு கேள்விகளோடு வருகிறார். இது உண்மையா என்பது ஒன்று, என்னால் முடியுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு உங்கள் படிப்பு பதில் சொல்லிவிடும். இரண்டாவதற்கு அதனால் முடியாது. பதிலுக்காக அவர் உங்களைத்தான் பார்க்கிறார், எங்கள் விஷயத்தில் ஜெனரேட்டர் அறைப் பக்கம் பார்த்த மாதிரி.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2000இல் வெளியிட்ட ஆய்வு அது. காத்திருக்கும் நோயாளிகளுக்கு ஒரு மருத்துவர் உணவைப் பற்றியும் உடற்பயிற்சியைப் பற்றியும் பேசுகிற காணொளியைக் காட்டினார்கள். ஒரு காணொளியில் வெறும் அறிவுரை மட்டும். இன்னொன்றில் அதே மருத்துவர், அதே அறிவுரை, கூடவே தான் என்ன செய்கிறேன் என்று அரை நிமிடம் போலச் சொல்கிறார், மேசையில் ஒரு சைக்கிள் ஹெல்மெட்டும் ஒரு ஆப்பிளும் இருக்கின்றன. இரண்டாவதைப் பார்த்தவர்களுக்கு அவரை நம்பத் தோன்றியது, நாமும் செய்யலாம் என்றும் கூடுதலாகத் தோன்றியது. அந்த அரை நிமிடத்துக்கு இவ்வளவு எடை இருக்கிறது.

இதை உங்கள் துறை உணர்ந்ததற்கு முன்பே சிகரெட் கம்பெனிகள் உணர்ந்திருந்தன. 1946இல் தொடங்கிய ஒரு பிரபலமான விளம்பர வரிசையில், மற்ற எந்த சிகரெட்டையும்விட கேமல் சிகரெட்டைத்தான் அதிக மருத்துவர்கள் புகைக்கிறார்கள் என்று வெள்ளைக் கோட்டு படத்தோடு போட்டார்கள். சிகரெட் நல்லது என்று மருத்துவர் வாயால் சொல்ல வைக்கவேண்டிய அவசியமே அவர்களுக்கு வரவில்லை. மருத்துவர் புகைக்கிறார் என்று காட்டினால் போதும் என்று தெரிந்து வைத்திருந்தார்கள்.

உங்கள் துறைதான் அப்புறம் அதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது, மருத்துவர்கள் பெருமைப்படவேண்டிய கதைகளில் இது எனக்கு மிகவும் பிடித்தது. 1951இல் ரிச்சர்ட் டால், ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிரிட்டனில் இருந்த மருத்துவர்களுக்குக் கடிதம் போட்டு, நீங்கள் புகைக்கிறீர்களா, எவ்வளவு என்று கேட்டார்கள். ஏறத்தாழ 40,000 பேர் பதில் எழுதினார்கள். அப்புறம் அவர்களில் யார் எப்போது எதனால் இறக்கிறார்கள் என்று ஐம்பது வருடம் கணக்கு வைத்தார்கள். 1954லேயே முதல் முடிவுகள் வந்துவிட்டன, ஐம்பது ஆண்டுக் கணக்கு 2004இல் வந்தது: தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து வருடம் முன்னதாகவே இறந்திருந்தார்கள். 60 வயதில் நிறுத்தியவர்களுக்கு ஏறக்குறைய மூன்று வருடம் திரும்பக் கிடைத்தது, 50இல் நிறுத்தியவர்களுக்கு ஆறு, 40இல் ஒன்பது, 30இல் கிட்டத்தட்ட முழுசாகப் பத்து. நீங்கள் இன்றைக்கு எங்களிடம் சொல்கிற அந்த ஒற்றை வரி அறிவுரைக்குப் பின்னால் இருப்பது உங்கள் முன்னோரின் சாவுக் கணக்கு. டாலே ஒரு காலத்தில் புகைத்தவர்தான், 1950இல் வெளியான முந்தைய ஆய்வின் எண்கள் தன் மேசைக்கு வந்துகொண்டிருந்தபோதே விட்டுவிட்டார். பிரிட்டனில் பொதுமக்களைவிட வேகமாக மருத்துவர்கள் சிகரெட்டை விட்டார்கள். அவர்கள் விட்டதை ஜனங்களும் பார்த்தார்கள்.

சரி, அப்படியானால் எல்லோரும் முன்மாதிரியாக நடந்து காட்டுங்கள், கதை முடிந்தது என்று எழுதிவிட்டுப் போகலாம்தான். அப்படி எழுத எனக்கு மனசு வரவில்லை, ஏனென்றால் அப்பாவைக் கடைசியில் சிகரெட்டிலிருந்து மீட்டவர் யாரோ ஒரு உத்தமர் இல்லை.

அப்பாவுக்கு 61 வயதில் மூச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்தார். முதல் நாளே அப்பாவின் விரல் நுனியைப் பார்த்து, "நானும் பதினோரு வருஷம் பிடிச்சவன்தான் சார்" என்றார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் நுரையீரல் படம் எதையும் காட்டவில்லை. மூன்று தடவை விட்டு மூன்று தடவையும் திரும்ப ஆரம்பித்ததைச் சொன்னார். முதல் மூன்று நாள் எப்படி இருக்கும், கை சும்மா இருக்கும்போது என்ன ஆகும், எந்த நேரத்தில் யார் கூடப் போய் நிற்கக்கூடாது, கோபம் வந்தால் வீட்டில் இருக்கிறவர்களிடம் முன்கூட்டியே என்ன சொல்லி வைக்கவேண்டும் என்று சொன்னார். நான்காவது தடவைதான் நின்றதாம். "இப்பவும் சில நாள் கனவுல பிடிக்கிறேன் சார், முழிச்சதும் பயந்துடுவேன்" என்று அவர் சொன்னபோது அப்பா வாய்விட்டுச் சிரித்தார், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. இரண்டு முறை வழுக்கி, மூன்றாவது முறை அப்பா நிறுத்தினார். தோலில் ஒட்டுகிற நிகோடின் பட்டையும் உதவியது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதை வாங்கி ஒட்டிக்கொள்ள அவரைச் சம்மதிக்க வைத்தது அந்தப் பதினோரு வருடம்தான்.

அதனால்தான் கேட்கிறேன், முன்மாதிரி என்றால் என்ன என்று கொஞ்சம் யோசியுங்கள். ஒருநாளும் தவறாதவர், எதையும் கஷ்டப்படாமல் செய்கிறவர் எதிரில் உட்கார்ந்து உபதேசம் செய்தால், அவரைப் பார்த்து நாங்கள் வியப்போம். அதோடு சரி. அவர் வேறு ஜாதி மனிதர் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து பழைய மாதிரியே இருப்போம். தானும் அந்த வழியில் நடக்கிறவர், விழுந்த இடங்களைச் சொல்லத் தெரிந்தவர், அவரைத்தான் பின்தொடர முடியும். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் நின்ற மருத்துவர் புகைத்ததைவிட, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டதுதான் எங்களுக்கு அதிகம் கெடுதல் செய்தது என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு அவர் கிட்டே வந்து, "நானும் மாட்டிக்கிட்டிருக்கேன், எவ்வளவு கஷ்டம்னு தெரிஞ்சுதான் உங்களுக்குச் சொல்றேன், சேர்ந்து விடப் பார்ப்போமா" என்று கேட்டிருந்தால் அப்பாவிடம் அந்த ஆறு வருடச் சாக்கு இருந்திருக்காது.

இங்கே எங்கள் பக்கத்து ஆட்களிடமும், அதாவது நோயாளிகளிடமும், ஒன்று சொல்லியாகவேண்டும். முன்மாதிரி என்று நாம் கேட்பது நடத்தையை. உடம்பை இல்லை. இந்த இரண்டையும் நாம் போட்டுக் குழப்புகிறோம், அதில் பலபேரைக் காயப்படுத்துகிறோம். 2009இல் அமெரிக்க அரசின் தலைமைப் பொதுச் சுகாதார மருத்துவராக (சர்ஜன் ஜெனரல்) ரெஜினா பெஞ்சமின் நியமிக்கப்பட்டபோது, ஏழை நோயாளிகளுக்காகப் புயலிலும் தீயிலும் அழிந்த மருத்துவமனையைத் திரும்பத் திரும்பக் கட்டியெழுப்பியவர் அவர் என்பதை ஓரமாக வைத்துவிட்டு, அவர் குண்டாக இருக்கிறார், இவர் எப்படி நாட்டுக்கு ஆரோக்கியம் சொல்வார் என்று கேட்டார்கள். எனக்கு உணவு ஆலோசனை சொன்ன பெண்மணியும் பருமனானவர்தான். பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவர் காதோடு காதாகக் கேலி பேசினார், நானும் பதில் சொல்லாமல் இருந்துவிட்டேன், அதற்காக இப்போதும் வெட்கப்படுகிறேன். உள்ளே போன பிறகு அவர் சொன்ன மாதிரி என் சாப்பாட்டு நேரத்தையும் உப்பையும் வேறு யாரும் எனக்கு விளக்கியதில்லை. உடல் எடையில் மரபணுவின் பங்கு 40 முதல் 70 சதவீதம்வரை இருக்கலாம் என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. சில மருந்துகள் எடை ஏற்றும். சுரப்பிக் கோளாறு எடை ஏற்றும். நைட் டியூட்டியும் ஏற்றும். தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கிற ஒருவர் பருமனாக இருக்கலாம், எதையுமே செய்யாத ஒருவர் ஒல்லியாக இருக்கலாம். ஒரு மருத்துவருக்குச் சர்க்கரை நோய் வந்தால் அது அவருடைய தோல்விக்குச் சான்றிதழ் இல்லை. சாதாரண மனிதர்களுக்கு வருகிற எல்லாமே உங்களுக்கும் வரும், அதற்காக உங்களை நாங்கள் தண்டிக்கக்கூடாது.

ஆனால் உடம்பைப் பற்றி உங்களுக்கு வருகிற வெட்கத்துக்கு ஒரு விளைவு இருக்கிறது, அதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. தன் எடை கூடுதலாக இருக்கிற மருத்துவர்கள் நோயாளியிடம் எடையைப் பற்றிப் பேசுவதையே தவிர்க்கிறார்கள். 2012இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், எடை அளவோடு இருந்த மருத்துவர்களில் 30 சதவீதம் பேர் பருமனான நோயாளிகளிடம் எடை குறைப்பதைப் பற்றிப் பேசியதாகச் சொன்னார்கள், எடை கூடியவர்களில் 18 சதவீதம் பேர்தான். நானே செய்யாததை எப்படிச் சொல்வது என்கிற கூச்சம். அது நல்ல மனசிலிருந்து வருகிற கூச்சம்தான், புரிகிறது. ஆனால் அதன் விலையை நோயாளி கொடுக்கிறார். தயவுசெய்து சும்மா இருந்துவிடாதீர்கள். செய்யாவிட்டாலும் சொல்லுங்கள், செய்யவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

போன வருடம் ஒரு பரிசோதனைக்குப் போனபோது, வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்கவேண்டும் என்று ஒரு இளம் மருத்துவர் எனக்குச் சொன்னார். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு அது, 150 முதல் 300வரை. எனக்கு என்ன தோன்றியதோ, "நீங்க நடக்கறீங்களா டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டதும் பயமாகிவிட்டது, மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வாரோ என்று. அவர் எழுதுவதை நிறுத்தி விரல்விட்டு எண்ணினார். "இந்த வாரம் ஒரு நாள்கூட இல்லை. போன வாரம் ரெண்டு நாள். டியூட்டி முடிஞ்சு போனா செருப்பைக் கழட்டக்கூட தெம்பில்லை" என்றார். அப்புறம் நாங்கள் இருவரும் ஐந்து நிமிடம், நேரமே இல்லாத ஒருவர் எங்கே எப்படி நடப்பது என்று பேசினோம், பத்துப் பத்து நிமிடமாகப் பிரிப்பது, போனில் பேசும்போது நடப்பது என்று. எனக்கு வாழ்நாளில் கிடைத்த மிக நல்ல மருத்துவ ஆலோசனை அது. அந்த ஆலோசனையில் பாதியை அவர் தனக்கே சொல்லிக்கொண்டார்.

இதுவரை சொன்னதில் நான் உங்களுக்கு நிறைய விட்டுக்கொடுத்திருக்கிறேன். ஒரு விஷயத்தில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். உங்கள் நடத்தை நேரடியாக எங்கள் உடம்பைத் தொடுகிற இடம் அது. கை கழுவுவது. தொற்றோடு டியூட்டிக்கு வராமல் இருப்பது. போடவேண்டிய தடுப்பூசியைப் போட்டுக்கொள்வது. இதில் தனிப்பட்ட வாழ்க்கை என்ற பேச்சுக்கே இடமில்லை. 1847இல் வியன்னாவின் பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வெய்ஸ் என்ற மருத்துவர், பிணவறையிலிருந்து நேராகப் பிரசவ வார்டுக்கு வருகிறவர்கள் குளோரின் கரைசலில் கை கழுவிவிட்டுத்தான் வரவேண்டும் என்று ஆக்கினார். அந்த ஏப்ரலில் அந்த வார்டில் 18 சதவீதத்தைத் தாண்டியிருந்த தாய்மார்களின் சாவு, ஜூனில் 2 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. அப்படியும் அவருடைய சக மருத்துவர்களில் பலர் அதை ஏற்கவில்லை, தங்கள் கையே சாவைக் கொண்டு போனது என்பதை ஒப்புக்கொள்வது அவ்வளவு கடினமாக இருந்திருக்கிறது. அதற்குப் பின் நூற்று அறுபது வருடம் கழித்து, 2009இல் உலக சுகாதார நிறுவனம் கை சுத்தம் பற்றிய வழிகாட்டியை வெளியிட்டபோது, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், கை கழுவவேண்டிய தருணங்களில் உண்மையாகவே கழுவியது சராசரியாக 38.7 சதவீதம். எங்கள் பிள்ளைகளுக்குக் கை கழுவச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் நீங்கள்தான். அவசர வேலை, ஆள் குறைவு, தோல் வறண்டு எரிகிறது, கழுவும் தொட்டி தூரத்தில் இருக்கிறது, எல்லாக் காரணமும் உண்மை, அதையெல்லாம் நிர்வாகம் சரிசெய்ய வேண்டும். ஆனாலும் என் அம்மாவின் வயிற்றைத் தொடப்போகிற கையைப் பார்த்து "கழுவிட்டீங்களா?" என்று கேட்கிற நிலைமையில் என்னை வைக்காதீர்கள்.

அதே மாதிரிதான், நீங்கள் அறிவுரையாகச் சொல்வது வேறு, எல்லோருக்கும் விதியாகப் போடுவது வேறு. கொரோனா முதல் அலையில் ஸ்காட்லாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி கேத்தரின் கால்டர்வுட், எல்லோரும் வீட்டில் இருங்கள் என்று மக்களுக்குச் சொல்லிக்கொண்டே தன் இரண்டாவது வீட்டுக்கு இரண்டு முறை போய்வந்தது வெளியே தெரிந்து, 2020 ஏப்ரலில் பதவி விலகினார். மருத்துவர் புகைத்தால் அதற்கு அடிமைத்தனம் என்று ஒரு காரணம் இருக்கிறது, இதற்கு அப்படி ஒன்றுமில்லை. சாகக் கிடந்த அப்பாவைப் பார்க்கப் போகாமல் வீட்டிலேயே இருந்த மகனும் மகளும் அந்தச் செய்தியைப் படித்திருப்பார்கள். தானே மீறுகிற விதியை அடுத்தவருக்குப் போடக்கூடாது, இதில் நடுவழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இனி நிர்வாகிகளே, மருத்துவக் கல்லூரி நடத்துகிறவர்களே, இது உங்களுக்கு.

ஏழெட்டு மணி நேரம் தூங்குங்கள் என்று எங்களுக்குச் சொல்கிற பயிற்சி மருத்துவர் தூங்கி எவ்வளவு நேரம் ஆகிறது? தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருக்கிறவரின் கவனமும் கையின் நிதானமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவரின் அளவுக்கு இறங்கிவிடுகின்றன என்று 1997லேயே சோதித்துக் காட்டிவிட்டார்கள். பல நாடுகளில் அந்த அளவு மதுவோடு வண்டி ஓட்டினால் பிடிப்பார்கள். 24 மணி நேர டியூட்டியின் கடைசியில் அதே ஆளிடம் ஊசியையும் மருந்தளவுக் கணக்கையும் கொடுக்கிறீர்கள். இரவு வேலை அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இலும் மறுபடி 2019இலும் வகைப்படுத்தியிருக்கிறது, உங்கள் செவிலியர்கள் வருடக்கணக்கில் அதில்தான் இருக்கிறார்கள். வேலை நேரத்துக்கு எல்லை போட்டவர்கள் உண்டு, அமெரிக்காவில் 2003இலிருந்து பயிற்சி மருத்துவர்களுக்கு வாரம் 80 மணி, ஐரோப்பிய ஒன்றியத்தில் சராசரி 48 மணி. 80 என்பதே எனக்கு அநியாயமாகப் படுகிறது, அதுகூட இல்லாத இடங்கள் எத்தனையோ.

உலக மருத்துவக் கழகத்தின் ஜெனிவா உறுதிமொழி 1948இல் உருவானது. அதில் மருத்துவர் தன்னைப் பற்றி, தன் உடம்பைப் பற்றி ஒரு வரிகூட ஏற்றுக்கொள்ளாமல் கிட்டத்தட்ட எழுபது வருடம் ஓடியது. 2017இல் சிகாகோவில் திருத்தியபோதுதான், மிக உயர்ந்த தரத்தில் சிகிச்சை தருவதற்காக என் உடல்நலத்தையும் நல்வாழ்வையும் கவனித்துக்கொள்வேன் என்கிற உறுதி சேர்ந்தது. நல்ல வரி. ஆனால் அதைச் சொல்லி உறுதி எடுக்கிற இளைஞருக்கு அடுத்த நாளே 30 மணி நேர டியூட்டி போட்டால், அந்த உறுதியை மீற வைப்பது யார்? சாப்பாட்டு இடைவேளையே இல்லாதவரிடம் போய் நேரத்துக்குச் சாப்பிடுவதில் முன்மாதிரியாக இரு என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. உங்களிடம் கேட்க உரிமை இருக்கிறது.

மனசைப் பற்றியும் ஒரு வார்த்தை. மனச்சோர்வு இருந்தால் மறைக்காதீர்கள், உதவி கேளுங்கள் என்று எங்களுக்குச் சுவரொட்டி ஒட்டுகிறீர்கள். உங்களில் ஒருவருக்கு அது வந்தால்? நண்பரிடம் வராந்தாவில் நின்று மாத்திரை பெயர் கேட்டுக்கொள்கிறீர்கள், அல்லது நீங்களே உங்களுக்கு எழுதிக்கொள்கிறீர்கள், யாரும் அறியாமல். அதற்குக் காரணமும் இருக்கிறது: உரிம விண்ணப்பத்திலேயே மனநோய்க்குச் சிகிச்சை எடுத்தீர்களா என்று கேட்கிற இடங்கள் இருக்கின்றன, வேலை போய்விடும், பேர் கெட்டுவிடும் என்ற பயம். பொதுமக்களைவிடப் பெண் மருத்துவர்களிடையே தற்கொலை விகிதம் அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. நோயாளியாக உட்காரத் தெரிந்த மருத்துவர் எங்களுக்கு வேண்டும். உங்களுக்கென்று ஒரு டாக்டர் இருக்கிறாரா? வரிசையில் காத்திருந்து, சட்டையைக் கழற்றி, உண்மையைச் சொல்லிவிட்டு வருகிற ஒருவர்? இல்லையென்றால் இந்த வாரமே பாருங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

புகைக்கிறவர்களை வேலைக்கே எடுக்காமல் விட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமே 2005 டிசம்பரிலிருந்து அப்படித்தான் செய்கிறது. புகையிலைக்கு எதிராக உலகத்துக்கே பேசுகிற அலுவலகம், அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் மருத்துவமனைகள் எல்லாம் அதைப் பின்பற்றினால் என்ன நடக்கும் என்று நான் பார்த்துவிட்டேன். எல்லோரும் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் போவார்கள். அடிமையாகிப்போன செவிலியரும் ஒரு நோயாளிதான், அவருக்கு வேலையை விட்டு நிறுத்தும் கடிதத்தைக் கொடுப்பதற்கு முன்னால் பட்டையையும், ஆலோசனையையும், நான்கு முறை தோற்கிற அவகாசத்தையும் கொடுங்கள். மருத்துவமனைக்குள்ளேயே ஊழியர்களுக்கென்று வாரத்தில் ஒரு நாள் அப்படி ஓர் அறையைத் திறந்து வையுங்கள், கதவில் வெளிப்படையாக எழுதிப் போடுங்கள். அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருக்கிற எங்களுக்கும் அது ஏதாவது செய்யும்.

கடைசியாக, ஜெனரேட்டர் அறை டாக்டருக்கு. உங்கள் பெயர் எனக்கு நினைவிருக்கிறது, எழுத மாட்டேன். இதைப் படிக்கிறீர்களா என்று தெரியாது. அந்தப் பின்பக்கத்துக்கு நீங்கள் போனது எத்தனை மணி நேர டியூட்டிக்குப் பிறகு என்று நான் அன்றைக்கு யோசிக்கவே இல்லை. அப்பா 61 வயதில் நிறுத்திவிட்டார் டாக்டர். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்தார், கடைசி இரண்டு வருடம் ஆக்சிஜனோடு, ஆனால் பேத்தியை மூன்றாம் வகுப்புவரை கையைப் பிடித்துப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு வந்தார். நீங்கள் அன்றைக்குக் காட்டிய எக்ஸ்ரேயைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார், நீங்கள் சொன்னது எல்லாமே சரி என்றும் சொல்வார். இதை உங்களிடம் வந்து சொல்ல எங்களில் யாருக்கும் தோன்றவில்லை, அதனால் இப்போது சொல்கிறேன். நீங்கள் விட்டுவிட்டீர்களா?